நாங்கள் கை தூக்கி வைத்த விதானை

முதலில் சந்தோசமான சங்கதிகள். மூத்த பேரன் கட்டாரில் இஞ்சினியர், போன மாதம் பதவி உயர்வு. இரண்டாவது பேரன் குருக்கள்மடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறான். கடைக்குட்டி புலமைப்பரிசில் பாஸ். நான் நின்றுபோன அதே ஐந்தாம் வகுப்பில் அவள் பாஸ் பண்ணியிருக்கிறாள். இதை நாலு தரம் சொன்னாலும் குறை நினைக்காதீர்கள்…

நடுவில் கீர்த்தனா. என் மகளின் மகள். வங்கியில் வேலை. சனி, ஞாயிறில் மிருகங்களைப் பாதுகாக்கிற சங்கம் ஒன்றில் தொண்டு. பச்சை ஜாக்கெட், கழுத்தில் அட்டை. போன கிழமை அவள் பேஸ்புக்கில் போட்ட படத்துக்கு எத்தனை லைக்! முதல் லைக் நான்தான்.

லைக் போட்ட மறுகா, படத்தை விரலால் பெருப்பித்துப் பார்த்தேன். அதிலிருந்து மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

படத்தில் ஒரு வண்டில் மாடு, கழுத்தில் நுகம் தேய்த்த புண். கீர்த்தனா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறாள். பக்கத்தில் அந்த மாட்டுக்காரர், வவுணதீவுப் பக்கம் விறகு ஏற்றுகிறவர். என் வயதிருக்கும். தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்.

அந்தப் புண்ணைக் கண்டதும் வேப்பெண்ணெய் மணம் மூக்கில் ஏறிவிட்டது…

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வீடு செட்டிபாளையத்தில், வயல் வாவிக்கு அந்தப் பக்கம். கதிர் வெட்டுக் காலத்தில் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வயல் வாடிக் குடிசையிலேயே கிடப்போம். எங்கள் சோடி மாட்டில் வெள்ளையனுக்குக் கழுத்தில் புண். வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசுவது நான். அதன் மேலேயே நுகத்தை வைப்பது என் மனுசன். மழை இருட்டிக்கொண்டு வருகிறது, வெட்டிய கதிர் வயலில் கிடக்கிறது. வேறு என்ன செய்ய?

இளசுகளுக்குச் சொல்கிறேன். வட்டை என்றால் வயல்வெளி. ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு விதானை. விதைப்புக்கு முன்னம் கமக்காரர் எல்லாரும் கூடி, கை தூக்கி அவரைத் தெரிவு செய்வார்கள். யூனிபோம் இல்லை, ஒரு குடையும் தோளில் சால்வையும்தான். தண்ணீர், வேலி, வயலுக்குள் இறங்குகிற கட்டாக்காலி மாடு, இவ்வளவும் அவர் பொறுப்பு. வண்டில் மாட்டின் கழுத்து அவர் பொறுப்பில்லை.

ஆனாலும் அன்றைக்கு அவர் எங்கள் வண்டிலை மறித்தார்.

"மாட்ட அவுழு."

"மாட்டுக் கழுத்தப் பாக்கத்தானா உன்னக் கை தூக்கி வெச்ச நாங்க?" என் மனுசன் கத்தினார்.

"நீயும்தான் தூக்கின. பிழையெண்டா அடுத்த கூட்டத்தில இறக்கு. இப்ப அவுழு."

விதானையே வெள்ளையனை அவிழ்த்துவிட்டு, தன் வாடிப் பக்கம் கிறுகித் திரும்பி நடந்தார். கொஞ்ச நேரத்தில் தன்னுடைய கறுவல் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து, தன் கையாலேயே எங்கள் நுகத்தில் பூட்டினார். "மழைக்கு முன்னம் ஏத்தி முடி," என்றார். அவ்வளவுதான். பிறகு குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

கதிர் நனையாமல் களத்துக்கு வந்து சேர்ந்தது. வெள்ளையனின் புண்ணும் ஆறியது.

இத்தோடு கதையை முடித்தால் நல்லாயிருக்கும். ஆனால் பத்துப்பேருக்கு முன்னால் வண்டிலை மறித்தது எங்களுக்குப் பொறுக்கவில்லை. நான்தான் சோறு போடும்போதெல்லாம் ஓதினேன். "அவருக்கு என்னத்துக்கு நம்மட மாட்டு விசயம்? இடம் குடுத்தா நாளைக்கு அடுப்படியையும் வந்து பாப்பாரு." அடுத்த கூட்டத்தில் என் மனுசன் கை தூக்கவில்லை. இன்னும் பலபேரையும் தூக்க விடவில்லை. புதிதாக வந்த விதானை எந்த மாட்டின் கழுத்தையும் பார்க்கவில்லை. எங்களுக்கு நிம்மதி… மாடுகளுக்கு?

இப்போது கீர்த்தனாவின் சங்கம், தங்களைப் போன்ற ஆட்களுக்கே சட்டப்படி அதிகாரம் வேண்டுமென்று கேட்கிறதாம். வண்டிலை மறிக்க, மாட்டைப் பிடிக்க, வழக்குப் போட. படத்துக்குக் கீழே ஒரே சண்டை. பொலிசாருக்கு இதற்கு நேரமில்லை, கொடுக்கத்தான் வேண்டும் என்கிறார்கள் பாதிப்பேர். வந்தவன் போனவனுக்கெல்லாம் அதிகாரமா என்கிறார்கள் மீதிப்பேர். நான் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிக்கொண்டு இருக்கிறேன். பார்க்க ஒரு ஆள் வேண்டும், அது எனக்கு வெள்ளையன் சொல்லித் தந்தது. ஆனால் எங்கள் விதானை பிழை விட்டால் இறக்க ஒரு கூட்டம் இருந்தது. (சரியாகச் செய்தவரையே இறக்கிவிட்டோம், அது எங்கள் வெட்கம்.) இந்தப் பச்சை ஜாக்கெட்டை ஆர் இறக்குவது?

நேற்று அவளுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மம்மா, பொலிஸ் வருமட்டும் நிண்டிருந்தா மாடு விழுந்திருக்கும்."

"ஓம் புள்ள, அவுத்தது சரிதான். வண்டில் என்னாச்சு?"

"எந்த வண்டில்?"

"விறகு ஏத்தின வண்டில். அந்த மனிசன் என்னத்தப் பூட்டி இழுத்த?"

"அத நான் பாக்கல்ல அம்மம்மா."

மாடு இன்னும் சங்கத்துக் கொட்டிலில்தான் நிற்கிறதாம். திருப்பிக் கொடுப்பதா இல்லையா என்று இன்றைக்குக் கூடிப் பேசுகிறார்களாம். கீர்த்தனாவும் போயிருக்கிறாள். மாடு வராவிட்டால் அந்த மனிதருக்குப் பிழைப்பில்லை. இதை எழுதுவதற்குள் மூன்று தரம் எழும்பி, அவள் வருகிறாளா என்று வாசல் கேற்றடிக்குப் போய்வந்துவிட்டேன். போன் எடுத்தால் தூக்குகிறாளில்லை.

அன்றைக்குப் படமெடுக்க ஆளில்லை. என் மனுசன் எப்படித் தலைகுனிந்து நின்றார் என்று வட்டையில் நின்ற பத்துப்பேருக்குத்தான் தெரியும். அவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இந்த மனிதர் குனிந்து நிற்பதைக் கட்டாரில் இருக்கிற பேரனும் பார்த்துவிட்டான்.

கீர்த்தனா, இதை வாசிப்பாய் என்று தெரியும். அந்தப் படத்தை எடுத்துவிடு புள்ள. புண் ஆறினதும் மாட்டை நீயே கொண்டுபோய்க் கட்டு. அதுவரைக்கும் அவர் விறகுக்கு ஒரு லேண்ட்மாஸ்டர் டிராக்டர் பிடித்துக் கொடுங்கள். பிறகு அவரிடம் கேட்டு, புதுப் படம் ஒன்று போடு. கயிறு அவர் கையில் இருக்கட்டும். அவர் முகம் தெரிய வேண்டும்.

அதற்கும் முதல் லைக் நான்தான்.