பக்கத்து சீட்டில் ஒரு கையுறை

பாலைவனத்தில் பனி விற்கிற கடை எங்களுடையது. அதில் ஓடுகிற நாற்காலியில் ஆளைப் பிடித்து உட்கார வைப்பது என் வேலை.

துபாயில் ஒரு ஷாப்பிங் மாலுக்குள், மெஷினால் பனி தூவி ஒரு மலையையே கட்டி வைத்திருக்கிறார்கள். சறுக்கி விளையாட வருகிறவர்களையும் சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும் உச்சிக்குக் கொண்டுபோவது, கம்பியில் தொங்கியபடி ஓடும் நாற்காலிகள். ஒன்றில் நாலு பேர் உட்காரலாம். அது யாருக்காகவும் நிற்காது. நகர்ந்து வரும்போதே ஆட்களை ஏற்றி, குறுக்குக் கம்பியை இறக்கிவிட வேண்டும். தனி ஆளாக வருகிறவர்களை மற்றவர்களோடு சேர்த்து உட்கார வைப்பதும் என் பொறுப்பு. பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டு வீடியோ காலில் குடித்தனம் நடத்துகிற என் சக பாவப்பட்டவர்களே, இதெல்லாம் உங்களுக்குத்தான் புரியும்.

சளி

எங்கள் ரூம் ஷார்ஜா தொழில்பேட்டையில். ஆகஸ்ட் வெயிலில் எல்லாரும் பனியனைப் பிழிந்து காயப்போடும் கொடியில், நான் கம்பளி சாக்ஸையும் காதுவரை மூடும் குல்லாவையும் காயப்போடுவேன். பார்க்கிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

ஒருநாள் டூட்டி முடிந்து வந்து விடாமல் தும்மிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சைட்டிலிருந்து வந்தான் ரூம்மேட் முருகேசன். ராமநாதபுரத்துக்காரன், வெல்டர். சட்டை முழுக்க உப்புப் பூத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சொன்னான்: "ஊரே வெந்து கெடக்குது. உனக்கு மட்டும் எங்கிட்டு இருந்துடா சளி பிடிக்குது?"

துண்டு போட்ட கதை

காலையில் வாசல் திறக்குமுன், ஏற்றிவிடுகிற ஆள் ஒரு சுற்று போய்ப் பார்க்க வேண்டும். நாலு சீட்டில் நான் ஒருத்தன். மேலே யாரும் மிதிக்காத வெள்ளை. விளக்கெல்லாம் எரியும், ஒரு சத்தம் இருக்காது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். இதை யாரிடம் காட்டுவது?

கல்யாணம் முடிந்த சூட்டோடு விமானம் ஏறியவன் நான். கோமதி சங்கரன்கோவிலில் இருக்கிறாள். இந்தக் காலைச் சுற்றைப் பற்றி ஒருமுறை போனில் சொன்னபோது, "அப்ப பக்கத்துல காலியாத்தான இருக்கு? அந்த எடத்த எனக்குப் போட்டு வைங்க" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். மறுநாளிலிருந்து நான் ஓரமாக உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் ஒரு கையுறையைக் கழற்றி வைக்க ஆரம்பித்தேன். டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு வளர்ந்த கை, சும்மா இருக்குமா?

சூப்பர்வைசர் எகிப்துக்காரர். ஒருநாள் பார்த்துவிட்டார். நடுவில் உட்காராமல் ஏன் ஓரத்துக்குப் போகிறாய், அந்தக் கையுறை எதற்கு என்று பிடித்துக்கொண்டார். எங்கள் ஊர் வழக்கத்தை எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் விளக்கினேன். தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்: "சரி ஹபீபி, இடம் பிடிச்சாச்சு, கலாஸ், முடிஞ்சது. ஆள் எப்போ வரும்?"

நின்ற நாற்காலி

அல் ஐனிலிருந்து ஒரு புது ஜோடி, தமிழ் ஆட்கள். வரும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பையன் ஒரு ஓரம், அந்தப் பெண் மறு ஓரம். நடுவில் இரண்டு சீட் காலி. பக்கத்தில் ஆள் இருந்தும் உட்காரத் தெரியாதவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பாதி வழியில் மேலே யாரோ இறங்கத் தெரியாமல் விழுந்துவிட, நாற்காலிகளின் ஓட்டத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தரத்தில் நாற்காலி லேசாக ஆடியது. ஓடத் தொடங்கியபோது பார்க்கிறேன், இரண்டு பேரும் ஒரே சீட்டில் இருக்கிற மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். சுற்றி வந்து இறங்கியதும் அந்தப் பையன் என் காதருகே வந்து கேட்டான்: "அண்ணா, அடுத்த ரவுண்டுலயும் ரிப்பேர் ஆகுமா?"

மூடிய கண்

ஒரு அரபு வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி ஒரு அம்மா வருவார். அந்த வீட்டில் வேலை பார்ப்பவர். இலங்கையில் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்துத் தமிழர். இரு பக்கமும் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ஏறுவார். கம்பியை இறக்கியதும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். திரும்பி வரும்வரை திறக்க மாட்டார்.

"இன்னுமா பயம் போகலை?" என்று ஒருநாள் கேட்டேன். பிள்ளைகளின் குல்லாவைச் சரி செய்துகொண்டே சொன்னார்: "பயமில்லண்ணே. இது எங்கூருக் குளிரு. கண்ண மூடிக்கிட்டா, பக்கத்துல இருக்கிறது எம்புள்ளைங்கன்னு நெனச்சுக்கிறலாம்."

ஆள் வருது

கடைசியில் கோமதியே வந்தாள், விசிட் விசாவில். வேலை பார்ப்பவர்களின் குடும்பத்துக்கென்று கம்பெனி தருகிற, எத்தனையோ வருஷமாக நான் மற்றவர்களுக்குத் தூக்கிக் கொடுத்த இலவச பாஸை இந்தத் தடவை பத்திரப்படுத்தியிருந்தேன். லீவு போட்டு இரண்டு பேரும் சேர்ந்து ஏறுவது என்று ஏற்பாடு. ஆனால் பெருநாள் கூட்டம். எல்லோருடைய லீவும் ரத்து. அவள் ஊருக்குத் திரும்பும் நாளோ நெருங்கிவிட்டது. "நீங்க டூட்டி பாருங்க, நான் வாறேன்" என்று வந்துவிட்டாள்.

வரிசை வாசல்வரை நின்றது. "தனி ஆள் யாராவது?" என்று வழக்கம்போல் கத்தினேன். சேலைக்கு மேல் வாடகை ஜாக்கெட் போட்டுக்கொண்டு கோமதி கையைத் தூக்கினாள். இரண்டு பிலிப்பைன்ஸ் பெண்களோடு அவளை உட்கார வைத்தேன். நாலாவது சீட்டில் ஏற ஒருவர் காலெடுத்து வைத்தார். அவள் சட்டென்று கையுறையைக் கழற்றி அந்த சீட்டில் போட்டு, "ஆள் வருது!" என்றாள். சுத்தத் தமிழில். அந்த மனிதருக்கு என்ன புரிந்ததோ, பின்வாங்கிவிட்டார்.

நாற்காலி கிளம்பிவிட்டது. என் கை தானாக வேகத்தைக் குறைத்தது. "ஏன் ஸ்லோ?" என்று வாக்கிடாக்கியில் சூப்பர்வைசர் கேட்டார். "பயந்த பாசஞ்சர்" என்றேன். பயந்தவள் மேலிருந்து திரும்பித் திரும்பிக் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

சுற்றி வந்து இறங்கியவளிடம், எப்படி இருந்தது என்று கேட்டேன். மூக்கு நுனி சிவந்திருந்தது. கண்ணும்தான். கையுறையை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னாள்: "அத்தன பேரு முன்னாடி ஆள் வருதுன்னு சொல்லிட்டேன். நீங்க ஏன் ஏறல?"

அவள் ஊருக்குப் போய்விட்டாள். நான் இப்போதும் காலையில் ஒரு சுற்றுப் போய்வருகிறேன், ஓரமாகத்தான் உட்காருகிறேன், பக்கத்து சீட்டுக்கு ஆள் வருது.