பாரணை நாள் குறிக்காத நோன்பு

விழுப்புரத்தில் பள்ளிப்படிப்பை முடித்துச் சென்னையில் உளவியல் முதுகலை பயின்ற ஞானமதி, 1984ஆம் ஆண்டு திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஆலோசனை அறை தொடங்கினார். ஊரார் அவரைப் பைத்திய டாக்டர் என்றனர். அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர் துயரத்தின் வேரைக் கடந்த காலத்தில் தேடச் சொன்னவர். மற்றொருவர் அன்றாடப் பழக்கத்தைச் சிறிது சிறிதாக மாற்றச் சொன்னவர். ஞானமதி இரண்டையும் கற்றார். உடலையும் குடும்பத்தையும் சமயத்தையும் விலக்கிவிட்டு மனத்தை மட்டும் தனியே பார்க்க இயலாது என்பது அவர் தாமே கண்ட முடிவு.

இரண்டாம் ஆண்டில் தர்மதேவி என்பவர் அவரைத் தேடி வந்தார். செஞ்சிச் சாலையில் ஒரு சிற்றூரில் வாழ்ந்த அவருடைய அக்காள் பத்மாம்பாள், மகன் பாம்பு கடித்து இறந்தபின் பதினோரு நாளாக உணவைத் தொடவில்லை. காய்ச்சிய நீர் மட்டுமே பருகினார். சமண வீடாதலால் குடும்பத்தார் அதை நோன்பென்று கொண்டனர். அக்கம்பக்கத்தார் வந்து வணங்கிச் சென்றனர்.

ஞானமதியும் சமணக் குடும்பத்தவரே. மறுநாள் அவர் சென்றபோது பத்மாம்பாளின் கணவர் மல்லிநாதன் வாசலிலேயே மறித்தார்.

"படிச்சவங்க வந்தா நோன்புகூட நோயாயிடுது. அவ புண்ணியம் பண்ணிக்கினு இருக்கா, விடுங்கம்மா."

"நல்லதுங்க. பாரணை என்னிக்கு?"

நோன்பு தொடங்கும்போதே, அதை முடித்து உண்ணும் பாரணை நாளையும் குறிப்பது அவர்கள் வழக்கம். மல்லிநாதன் உள்ளே படுத்திருந்த மனைவியைப் பார்த்தார். பிறகு ஞானமதியுடன் வந்திருந்த தர்மதேவியைப் பார்த்தார். எவரும் நாள் குறித்திருக்கவில்லை. அவர் வழிவிட்டார்.

ஞானமதி முதலில் பத்மாம்பாளை மருத்துவமனையில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றச் செய்தார். நாள்தோறும் கட்டிலருகே அமர்ந்தார். எதையும் வற்புறுத்திக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பத்மாம்பாளே வாய்திறந்தார்.

"நான்தாங்க மல்லாட்டைக் கொல்லைக்குப் போடான்னு அவனை விரட்டினேன். எனக்கு எப்படிங்க சோறு எறங்கும்?"

மகனைப் பாம்பு கடித்தது அந்த நிலக்கடலை வயலில்தான்.

அது உங்கள் தவறன்று என்று ஞானமதி அவசரப்பட்டுச் சொல்லவில்லை. அடுத்த நாள் மல்லிநாதனையும் உடன் அமர்த்தி, அதையே பத்மாம்பாளை மீண்டும் சொல்லச் சொன்னார். கேட்ட மல்லிநாதன் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அவனை அனுப்புன்னு உங்கிட்ட சொன்னதே நான்தானே."

மகன் இறந்தபின் கணவனும் மனைவியும் சேர்ந்து அழுதது அன்றுதான். பொழுது சாயுமுன் மல்லிநாதன் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, பத்மாம்பாள் இரண்டு கரண்டி அருந்தினார். அளவு நாளுக்குநாள் கூடியது. இரண்டு மாதம் கழித்து, ஞானமதி வகுத்துத் தந்தபடி, கொல்லையின் வரப்புவரை நடந்து திரும்பினார்.

மனநோயை உறவினரிடமும் மறைத்த காலம் அது. அவ்வாண்டு தை மாதத்தில் மல்லிநாதன், உறக்கமின்றித் தவித்த பக்கத்து ஊர் வேங்கடேசனை அழைத்துக்கொண்டு மாடியேறினார். காத்திருந்தவர்கள் கேட்டபோது, தம் மனைவி குணமானது இங்கேதான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.