தலைவரின் குரலை அமுக்கும் அக்கா

என் அக்கா எந்த மனிதரையும் இருபது நிமிடத்தில் பேச்சாளராக்கிவிடுவாள். அந்த மனிதருக்கு மட்டும் அது தெரியாது.

வியாபாரிகள் சங்கத்தின் கூட்ட அரங்கில் ஒன்பது வருடமாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்குப் பின்னால் உட்காருபவள் அவள்தான். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் வயர் சுற்றப் போனவள். நான் மின்னணுவியலில் பட்டம் வாங்கியவன். எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். வாங்கிப் பதினான்கு மாதம் ஆகியும் வேலை கிடைக்கவில்லை. அந்தப் பதினான்கு மாதமும் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் செய்யும் தவறுகளை எடுத்துச் சொல்லிவந்தேன். சும்மா இருக்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா?

மிக்ஸரில் ஒவ்வொரு மைக்கின் குமிழ்களுக்குக் கீழேயும் வெள்ளை டேப் ஒட்டிப் பேனாவால் எழுதிவைத்திருப்பாள். பொருளாளருக்கு ‘தூக்கம்’. செயலாளருக்கு ‘மூக்கு’. தலைவருக்கு ‘முதலில் கிணறு, பிறகு இடி’. தலைவர் ரகசியம் சொல்வதுபோல ஆரம்பிப்பார். மூன்றாவது நிமிடத்தில் திருடனைத் துரத்துவதுபோலக் கத்துவார். இதற்குத்தான் கம்ப்ரெஸர். குரல் ஓர் எல்லையைத் தாண்டினால் அதன் தலையில் தட்டி உட்காரவைக்கும். எல்லை எது, எவ்வளவு பலமாகத் தட்டலாம் என்பதெல்லாம் குமிழ் திருப்புகிறவர் முடிவு. தலைவருக்கு அக்கா எல்லையை நன்றாகக் கீழே இறக்கி, பலத்தை எட்டில் வைத்துத் தட்டுவாள். பிறகு மொத்தச் சத்தத்தையும் சற்றுத் தூக்கிவிடுவாள். ரகசியம் கடைசி வரிசைவரை கேட்கும். கத்தல் காதைக் கிழிக்காது. தான் பிறவிப் பேச்சாளர் என்று தலைவர் நம்பிக்கொண்டிருந்தார்.

“பேச்சுக்கு ரெண்டு, மூணு போதும்னு புத்தகத்துல போட்டிருக்குக்கா. நீ எட்டுல வெச்சு அவர் குரல்ல இருக்கற உயிரையே எடுத்துடற.”

“அந்தப் புத்தகம் எழுதினவர் நம்ம தலைவரக் கேட்டிருக்காராடா?”

ஆண்டுக் கூட்டத்தன்று காலையில் செயலாளர் வந்தார். “ஏம்மா, சவுண்டுல உயிரே இல்லன்னு பேச்சு வருது. இன்னிக்கு ஏதாவது கோளாறு ஆச்சுன்னா நாங்க வேற ஆளப் பாத்துக்குவோம். அப்புறம் வருத்தப்படக் கூடாது.”

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. எங்கள் வீடு ஓடுவதே இந்த அரங்கை நம்பித்தான். ‘உயிர்’ என்ற அந்தச் சொல்லை முந்தைய வாரம் செயலாளரிடம் வாசலில் வைத்துச் சொன்னவன் நான்தான். அறிவைப் பகிர்ந்துகொண்டேன், அவ்வளவுதான்.

கூட்டம் தொடங்கும் நேரத்தில் இடதுபக்க ஸ்பீக்கர் கரகரத்தது. வயரை மாற்ற அக்கா மேடைக்குப் பின்னால் போனாள். “எதையும் தொடாதடா” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் தொட்டேன். எட்டை இரண்டாக்கினேன். எல்லையை மேலே ஏற்றினேன். போதாதென்று கேட்டையும் போட்டேன். கேட் என்பது ஒலி மெல்லியதாக இருந்தால் மைக்கின் வாயை மூடிவிடுவது; மின்விசிறிச் சத்தமெல்லாம் வராது. எவ்வளவு சத்தத்துக்கு அது வாயைத் திறக்க வேண்டும் என்று பார்க்கத் தலைவரின் மைக்கிலேயே போய் “ஹலோ, ஹலோ” என்றேன். பட்டதாரியின் கணீர்க் குரல். அந்த அளவுக்கே வாய் திறக்கும்படி வைத்தேன். விசிறிச் சத்தம் சுத்தமாக நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது.

தலைவர் வந்து நின்றார். உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

“மைக்க ஆன் பண்ணுங்கப்பா!”

“ஆன்லதான் இருக்கு, அவருக்குத்தான் பல்லு வலி போல!”

அரங்கம் சிரித்தது. தலைவருக்குக் கோபம் வந்தது. கோபம் மட்டும் முழுதாகக் கேட்டது. முன்வரிசைப் பெண்கள் காதைப் பொத்தினார்கள். ஒரு குழந்தை வீறிட்டது. அக்கா மேடைக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து, என்னைத் தள்ளிவிட்டு எல்லாவற்றையும் பழையபடி திருப்புவதற்குள் தலைவர் பேச்சை முடித்துக்கொண்டார்.

இடைவேளையில் செயலாளரிடம் போனேன். இந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன்.

“சார், தப்பு என்னுது. அக்கா அங்க இல்லவே இல்ல. நான்தான் செட்டிங்க மாத்தினேன்.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “தம்பி, நீ எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன். நீ போய் இப்படிப் பண்ணுவியா? அக்காவக் காப்பாத்தப் பாக்கற. நல்ல மனசுதான்.”

“இல்ல சார், நிஜமா...”

“மதியத்துலேருந்து நீயே உக்காரு. இனிமே நீதான் நம்ம சவுண்ட் இன்ஜினியர்.”

பதினான்கு மாதம் தேடிய வேலை, நான் செய்த குற்றத்துக்குப் பரிசாகக் கிடைத்தது. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். “அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன் சார்” என்றேன்.

அக்கா கேட்டுக்கொண்டே கையிலிருந்த வயரைச் சுற்றி முடித்தாள். பிறகு தன் நாற்காலியைக் காட்டினாள். “உக்காரு.”

“அக்கா, நான் எப்படி...”

“நீ மாட்டேன்னா வேற எவனாவது வருவான். அவன் பின்னாடி என்னை நிக்க விடுவானா? நீ விடுவே. உக்காருடா, கை மட்டும் மடியில இருக்கட்டும்.”

மதியம் தலைவர் நன்றியுரை ஆற்றினார். நான் உட்கார்ந்திருந்தேன். அக்கா பின்னால் நின்று, என் தோளுக்கு மேலாகக் கை நீட்டிக் குமிழ்களைத் திருப்பினாள். தலைவர் மூச்சை இழுத்ததுமே அவள் விரல் அசைந்துவிடும். ரகசியம் ரகசியமாகவே கேட்டது. இடி யாரையும் எழுப்பவில்லை. கைதட்டல் ஓயவில்லை.

“பாத்தீங்களா? படிச்சவன் கைய வெச்சா அதோட அழகே தனி” என்றார் செயலாளர், பக்கத்திலிருந்தவரிடம்.

நான்கு மாதமாகிறது. கழுத்தில் என் படத்தோடு அட்டை தொங்குகிறது. அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். பதிவேட்டில் அக்கா ‘உதவியாளர்’. என் வேலை, எதையும் தொடாமல் உட்கார்ந்திருப்பது. அதில் நல்ல முன்னேற்றம் என்கிறாள் அக்கா.

போன வாரம் தலைவர் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார். அக்கா ஓரடி தள்ளி வயர் சுற்றிக்கொண்டிருந்தாள். “என் குரல உன்ன மாதிரி யாரும் புரிஞ்சுக்கிட்டதில்ல தம்பி” என்று என் கையைக் குலுக்கினார்.

அக்காதான் சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “ரொம்ப நன்றி சார்” என்று வந்தது.