தடை அறிந்தோர் அறிவிக்கலாம்

என் மனைவி திரேசம்மாவை நல்லடக்கம் செய்து வீடு திரும்பிய நாளில் எனக்கென்று இரண்டு எஞ்சியிருந்தன. அவளுடைய மருத்துவத்துக்காக நான் பட்ட இருபத்திரண்டாயிரம் ரூபா கடன் ஒன்று. மகளின் திருமணத்துக்கென அவள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துவந்த விசுக்கோத்துத் தகரம் மற்றொன்று. "இதில மட்டும் கை வைக்காதேங்கோ" என்பதே அவள் என்னிடம் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு. நான் வாக்களித்தேன். அந்த வாக்கும் அந்தக் கடனும் என்னை நெரித்த காலத்தையும், ஆண்டவர் அதிலிருந்து என்னை வெளியே எடுத்த விதத்தையும் இங்கு எழுதிவைக்கிறேன்.

தலவிலைக்கு வடக்கே ஒரு கரையூரில் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். அது போர்க்காலம். நோயாளியைக் கொழும்புக்குக் கொண்டுசெல்வதே பெரும்பாடு. சாவடிக்குச் சாவடி இறங்கி, அடையாள அட்டை காட்டி, மீண்டும் ஏற வேண்டும். திரேசம்மா ஒவ்வொரு முறையும் என் தோளைப் பிடித்தே இறங்கினாள். அந்தப் பயணங்களுக்கெல்லாம் பணம் தந்தவர் மனுவேல் சம்மாட்டியார். கரைவலையும் தோணியும் உடையவரை எங்கள் கரையில் சம்மாட்டி என்போம். அவர் எழுத்து வாங்கவில்லை. வட்டி பேசவில்லை. கையில் இருக்கும்போது தந்தால் போதும் என்றார்.

கையில் இருந்தது. உண்மையை மறைத்துச் சாட்சி கூறலாகாது. மாதந்தோறும் ஓய்வூதியம் வந்தது. வீட்டுச் செலவு போக எஞ்சியதைக் கடனுக்குக் கொடுப்பதா, தகரத்தில் இடுவதா என்று ஒவ்வொரு மாதமும் தடுமாறினேன். ஒவ்வொரு மாதமும் தகரத்திலேயே இட்டேன். மகள் அருள்மலர் கொழும்பில் ஒரு பாலர் பாடசாலையில் கற்பித்துக்கொண்டு கன்னியர் விடுதியில் தங்கியிருந்தாள். கடனைப் பற்றி அவளுக்கு நான் ஒரு வரியும் எழுதவில்லை.

சிலாபத்தில் வானொலி திருத்தும் தொழில் செய்த நல்லதோர் இளைஞரோடு அவளுக்குத் திருமணம் பேசி முடிந்தது. அச்செய்தியை என் வாயாலேயே சொல்ல விரும்பிக் கரைக்குச் சென்றேன். வலை இழுத்து முடித்தோர் மணலில் அமர்ந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தனர். செய்தியைச் சொல்லி, கடனுக்கு இன்னும் சற்றுத் தவணை வேண்டும் என்றும் கேட்டேன். சம்மாட்டியார் சிரித்தபடி எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்:

"கோயில்ல பிள்ளையின்ர பேர் வாசிக்கேக்க, தடை இருக்கோ எண்டு சாமி கேப்பார்தானே, மாஸ்டர். நான் எழும்பி நிப்பன், பாருங்கோ."

எல்லோரும் சிரித்தனர். நானும் சிரிப்பதுபோல் உதட்டை அசைத்துவிட்டு வீடு வந்தேன். கதவைச் சாத்தினேன்.

நம் திருச்சபையில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் மணமக்களின் பெயரை வாசித்து, தடை ஏதும் அறிந்தோர் அறிவிக்கலாம் என்று குருவானவர் கூறுவது வழக்கம். கடன் அத்தகைய தடையாகாது என்பதை நான் அறியாதவனல்லன். ஆயினும் அச்சம் அறிவைக் கேட்பதில்லை. அந்தப் பீடத்தின் முன், என் மாணவர்கள் அமர்ந்து நிறைந்த அந்த வாங்குகளுக்கு நடுவே, ஒருவர் எழுந்து நிற்பதாகவே நாள்தோறும் கண்டேன்.

அன்று முதல் கரைப்பக்கம் போவதை விட்டேன். கடைக்குப் போவதாயினும் தென்னந்தோட்டத்துக்கூடாகச் சுற்றியே சென்றேன். ஞாயிறு பூசைக்கு நம் கோயிலைத் தவிர்த்து, நாலு மைல் சைக்கிள் மிதித்து வேறோர் ஊர்க் கோயிலின் கடைசி வாங்கில் அமர்ந்தேன். முன்னெல்லாம் என் வீட்டில் ஆள் ஓயாது. கடலுக்குப் போகும் அனுமதிப் பத்திரமான பாஸுக்கு மனு எழுத வருவார்கள், படையினரிடம் பிடிபட்ட பிள்ளையைப் பற்றி அதிகாரிக்குக் கடிதம் எழுத வருவார்கள். சாத்திய கதவைக் கண்டு அவர்களும் வருவதை நிறுத்தினர். ஊர் என்னைக் கைவிட்டது என்று எண்ணினேன். ஏழு மாதங்கள் இப்படிக் கழிந்தன. சில நாள்களில் என் குரலை நான் கேட்டது செபம் சொல்லும்போது மட்டுமே. இருவருக்குத் தேநீர் ஊற்றிவிட்டு ஒரு கோப்பையைப் பார்த்தபடி இருந்த காலைகளும் உண்டு.

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை தலவிலைத் திருத்தலத்துக்குப் போனேன். திருவிழாக் காலத்தில் அங்கே கொட்டில் போட இடம் கிடையாது. அன்றோ புனித அன்னம்மாளின் முன் நான் ஒருவனே. முழந்தாளிட்டு முதலில் பணம் கேட்டேன். தொகையைக்கூடச் சொன்னேன். கேட்கக் கேட்க நெஞ்சு வறண்டது. வெளியே கடல் இரைந்தது. நெடுநேரம் கழித்து, நான் ஆயத்தம் செய்யாத ஒரு விண்ணப்பம் என் வாயிலிருந்து வந்தது: "தாயே, யாராவது ஒருவர் என்னைக் கூப்பிடட்டும்."

அழுதேன். எழுபதை எட்டிக்கொண்டிருந்த ஆசிரியன், வெறுங்கோயிலில், வாய்விட்டு அழுதேன்.

வெளியே வந்தபோது பஸ் இல்லை. வழியில் படையினர் சுற்றிவளைப்பு நடத்துவதாகவும் வீதி மாலைவரை திறவாது என்றும் மெழுகுதிரி விற்ற அம்மா சொன்னார். கடற்கரை வழியாக நடப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. அவ்வழியோ வலையும் தோணியும் வைக்கும் சம்மாட்டியாரின் வாடிக்கு முன்னாலேயே செல்லும். குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தேன். இரண்டு மணி நேரம் நடந்தேன்.

வாடியை நெருங்கியபோது வலை கடலில் பாரித்துக் கிடந்தது. போர் காரணமாக, பருவந்தோறும் வெளியூர்களிலிருந்து வரும் கயிற்றாள்கள் அவ்வாண்டு வரவில்லை. முப்பது பேர் இழுக்கும் வலையைப் பதினெட்டுப் பேர் இழுத்துக்கொண்டிருந்தனர். நீரோட்டம் வலையைப் பக்கவாட்டில் கொண்டுபோக, ஒரு பக்கத்துக் கயிறு கைகளிலிருந்து வழுக்கத் தொடங்கிற்று. குடைக்குள் நின்ற என்னைச் சம்மாட்டியார் கண்டுவிட்டார்.

"மாஸ்டர்! குடைய எறிஞ்சிட்டுக் கயித்தப் புடியுங்கோ!"

மூன்று மணி நேரத்துக்கு முன் நான் கேட்டது இதுவே என்பது அக்கணத்தில் நினைவுக்கு வரவில்லை. குடையையும் செருப்பையும் மணலில் விட்டு ஓடிக் கயிற்றைப் பிடித்தேன். முப்பது ஆண்டுகள் யாப்பிலக்கணம் கற்பித்தவனுக்கு, இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டின் தாளத்துக்கு அடி எடுத்துவைக்கத் தெரியவில்லை. எனக்கு முன்னால் நின்றவர் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு முஸ்லிம் அன்பர். அவர் திரும்பாமலே சொன்னார்: "குதிக்கால மணலுக்குள்ள ஊண்டுங்க, சேர். பாட்ட விடுங்க, என்ட முதுகப் பாத்து இழுங்க." அவர் முதுகைப் பார்த்து இழுத்தேன். உள்ளங்கைகள் உரிந்தன. வலை கரையேறியது.

கயிற்றில் கைவைத்த எவருக்கும் பங்கு உண்டென்பது எங்கள் கரையின் வழமை. எனக்கும் மணலில் மீன் வைத்தார்கள். அதைக் கடனில் கழித்துக்கொள்ளுமாறு சம்மாட்டியாரிடம் சொன்னேன். பின்பு, இனி மறைக்க வலுவின்றி, கோயிலில் பெயர் வாசிக்கும் நாளில் அவர் எழுந்து நிற்பாரா என்று கேட்டேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அது சிரிக்கச் சொன்ன பகிடி, மாஸ்டர். அதுக்கோ ஏழு மாசமா இந்தப் பக்கம் வரேல்ல? நீங்கதான் எங்களோட கோவம் எண்டு நினைச்சம். பாஸுக்கு ஒரு கடிதம் எழுத ஆளில்லாம நான் புத்தளத்துக்கு நாலு தரம் அலைஞ்சு திரியிறன்."

தகரத்தைப் பற்றியும் சொன்னேன். அவருக்குத் தர வேண்டியதைத் தராமல் மகளுக்குச் சேர்த்தேன் என்று. அவர் கடலைப் பார்த்தபடி நின்றார். "திரேசக்காட காசு அங்கேயே கிடக்கட்டும். எனக்குக் கயிறு இழுக்கக் கை காணாது. விடிய வாங்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்து, உரிந்த கைகளைக் குவிக்க முடியாமல், திருப்படத்தின் முன் விரித்து வைத்தேன். அப்போதே எனக்கு விளங்கிற்று. யாராவது கூப்பிடட்டும் என்று கேட்டேன், கூப்பிட்டார்கள். தற்செயல் என்று கூறுவோர் கூறட்டும். அந்த வீதி மூடப்படாதிருந்தால் நான் தென்னந்தோட்டத்துக்கூடாகவே வீடு போயிருப்பேன்.

மறுநாள் விடியலில் சென்றேன். அப்பருவம் முழுவதும் சென்றேன். என் பங்கு கடனில் கழிந்தது. ஓய்வூதியத்தில் எஞ்சியது தகரத்தில் சேர்ந்தது. பகலில் மனுக்கள் எழுதினேன். மகளுக்கு எல்லாவற்றையும் ஒளியாமல் எழுதினேன். "கலியாணத்தச் சின்னனாச் செய்வம் அப்பா. ஏன் தனியாச் சுமந்தனீங்க?" என்று பதில் வந்தது. அந்தக் கடிதம் இன்றும் என் விவிலியத்துக்குள் இருக்கிறது.

உயிர்த்த ஞாயிற்றுக்குப் பின் பெயர் வாசிக்கத் தொடங்கினர். முதல் ஞாயிறும் இரண்டாம் ஞாயிறும் அமைதியாகக் கடந்தன. மூன்றாம் ஞாயிறு மகள் என் பக்கத்தில் இருந்தாள். குருவானவர், தடை அறிந்தோர் அறிவிக்கலாம் என்றார். முன் வாங்கில் மனுவேல் சம்மாட்டியார் எழுந்து நின்றார்.

என் கடன் பாதிக்கு மேல் அப்போதும் நிலுவையில் இருந்தது. மகளின் கையை இறுகப் பற்றினேன். கோயில் முழுவதும் அவரைப் பார்த்தது.

"எழும்புவன் எண்டு மாஸ்டருக்குச் சொல்லியிருந்தன், சாமி. அதான் எழும்பினன்" என்றார். "தடை ஒண்டும் இல்ல. கலியாண மீன் எங்கட கரையில இருந்து."

குருவானவரே சிரித்துவிட்டார். திரேசம்மா இருக்க வேண்டிய இடப்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். அந்த ஓரிடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

தகரத்துப் பணத்தில், நூறு பேருக்குச் சோறு போட்டு அருள்மலரின் திருமணம் நடந்தது. அவள் சிலாபம் போனாள். கடன் தீர இன்னொரு பருவம் சென்றது. தீர்ந்த அன்று சம்மாட்டியார் என் கையை ஒருமுறை பற்றிவிட்டுச் சொன்னார்: "கணக்கு முடிஞ்சுது எண்டு நாளைக்கு வராம நிக்கிறேல்ல."

வராமல் நின்றதில்லை. இப்போது இழுக்கும் வலு இல்லை. கயிற்றின் வால்பக்கத்தைச் சுருட்டி வைப்பதே என் பணி. பொழுது சாயும்போது வீடு இன்னும் வெறுமையாகவே இருக்கிறது; அந்தத் தனிமையை ஆண்டவர் முற்றாக எடுத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் விடியலில் வேலிப் படலைக்கு வெளியே "மாஸ்டர்" என்று ஒரு குரல் கேட்கும். ஒவ்வொரு நாளும் அதற்கு நன்றி சொல்லியே எழுகிறேன்.

இதை வாசிக்கும் அன்பரே, யாருக்கோ அஞ்சி நீங்கள் சுற்றிப்போகும் வழி ஒன்று இருக்கக்கூடும். உங்களுக்கு வேண்டியதை ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்பும்போது அந்த வழியாகவே நடந்து வாருங்கள்.