வெயிலில் காட்டிய கால்

கல்யாணமான ஆறாம் மாதம் என் இடது கணுக்காலில் புளியங்கொட்டை அளவில் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. எழுபதுகளின் நடுவில், ஆரம்பாக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பக்கத்துத் தெருவில் ஒருத்தியை அப்படித்தான் அனுப்பினார்கள்.

நடவு நடந்தவரை தப்பித்தேன். முழங்கால்வரை சேறு, யாருக்கு என்ன தெரியும்? வாய்க்காலில் கால் கழுவும்போதுதான் ஆபத்து. எல்லோரும் கரையேறட்டும் என்று தேய்த்துக்கொண்டே நிற்பேன்.

"எவ்ளோ நேரம்டி கழுவுவே? காலு கரைஞ்சிடப் போவுது!" என்று மாமியார் கத்துவார்.

நடவு முடிந்ததும் சேற்றின் துணையும் போயிற்று. புதுவாயல் நாட்டு மருந்துக் கடையில் கார்போக அரிசி என்கிற விதை வாங்கினேன். அரைத்துப் பூசி வெயிலில் காட்டினால் நிறம் திரும்பும் என்று கேள்வி. "காலைல இளவெயில்ல கொஞ்ச நேரம் காட்டும்மா, போதும். உச்சி வெயில்ல காட்டிடாதே, வெந்துடும்" என்றார் கடைக்காரர்.

காலையில் எனக்கு ஏது தனிமை? வீடே சாப்பிட்டுக் கண்ணயரும் உச்சிவேளையில்தான் வைக்கோல் போருக்குப் பின்னால் போக முடிந்தது. கொஞ்ச நேரம் போதாது என்றது பயம். பங்குனி வெயிலில் ஒரு மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன், புத்தி கெட்டவள்.

இரண்டாம் நாள் கணுக்காலைச் சுற்றிக் கொப்புளம். செருப்புக்கூடப் போட முடியவில்லை.

"இன்னாடி இது?"

"கஞ்சி கொட்டிக்கினேன் அத்தே."

மாமியார் காலைத் தூக்கி மடியில் வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"கஞ்சி கொட்னா வெள்ளையா ஆவுமா?"

 வாசலையே பார்த்தேன். என் பெட்டியை அங்கே வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"வெயில் ஏர்றதுக்கு முன்ன கழனி வேலைய முடிச்சிக்கினு ஊட்டுக்கு வந்துடு. பொடவைய தூக்கிச் சொருவாதே" என்றார். அவ்வளவுதான். மகனிடம் சொன்னாரா, சொல்லப்போகிறாரா, தெரியவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றரை வருடம் அவர் வாயையே பார்த்துப் பார்த்துப் பயந்தேன்.

மகள் பிறந்த காலையில் என்னிடமிருந்து குழந்தையை வாங்கிய மாமியார் நேரே ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். துணியை விலக்கி இரண்டு கால்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல அத்தே" என்றேன். "நான் அப்பவே பாத்துட்டேன்."