இட்லி மாவில் முட்டை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். என் படிப்பு பத்தாவதோடு சரி. முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவின் சான்டா கிளாராவில் ஓர் இந்திய மளிகைக் கடையில் கவுண்டர் வேலை எனக்கு. யாழ்ப்பாணத்துப் புஷ்பம் அக்கா வீட்டில் அரைத்துத் தரும் இட்லி மாவை அங்கே விற்றோம். அவர் குடும்பம் ஓடியதே அந்த மாவில்தான்.

கந்த சஷ்டி விரதம் ஆரம்பித்த அன்று, சேகர் என்ற கம்ப்யூட்டர் இன்ஜினீயர் மனைவி உமாவோடு வந்தார். மாவு டப்பாவையும் பிரின்ட் எடுத்த ஒரு மெயிலையும் கவுண்டரில் போட்டார்.

“என்ன அண்ணா, அந்தம்மா மாவுல எக் கலக்கறாங்களாமே? விரத நாள்ல இப்படியா?”

‘முருக பக்தர்களே, உஷார்! பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தெய்வக் குற்றம்’ என்றது மெயில். எங்கள் வீட்டிலும் அந்த மாவுதான்.

“இதை முதல்ல யார் சார் சொன்னது?”

“ஃபிரெண்ட் ஃபார்வர்ட் பண்ணான். அவனுக்கு யாரோ...”

அப்போதெல்லாம் ஃபார்வர்ட் ஆன மெயிலுக்கு அடியில் பழைய மெயில்களும் சேர்ந்தே வரும். உமா தாளை வாங்கி அடிவரை படித்தார். முகம் வெளிறிவிட்டது.

“கீழ பாருங்க. ஆரம்பிச்சதே நீங்கதான்!”

சேகர் நண்பருக்கு எழுதியிருந்தார்: ‘அக்கா மாவு அவ்ளோ சாஃப்ட். எக் போடறாங்களோன்னு உமா கிண்டல் பண்றா.’ அதற்கு மேல் ஒருவர், ‘நிஜமாவா?’ என்று கேட்டிருந்தார். அடுத்தவர், ‘ஆமாம், கன்ஃபர்ம்டு’ என்று எழுதிவிட்டார். அதற்கும் அடுத்தவர் முருகனைச் சேர்த்தார்.

“மேல நாலு வரி படிச்சுட்டு சண்டைக்குக் கிளம்பிட்டீங்க. ஆபீஸ்லயும் இப்படித்தான் டெஸ்ட் பண்றீங்களா?” என்றார் உமா.

அன்றே சேகர் மறுப்பு மெயில் அனுப்பினார். இருந்தும் வாடிக்கையாக மாவு வாங்கும் ஓர் அம்மா டப்பாவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

“எக் இல்லைன்னு மெயில் வந்துது அண்ணா. ஆனாலும் எதுக்கு ரிஸ்க்?”

முட்டை என்று கேட்டபோதுகூட நான் அப்படி அதிர்ந்ததில்லை.

விற்காத டப்பாக்களை எடுத்துப்போகப் புஷ்பம் அக்கா வந்தார். “நானும் சஷ்டி பிடிக்கிறனான், தம்பி. ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லையே” என்றார். அதன்பின் அவர் மாவு கொண்டுவரவில்லை. டேகேர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு கடையில் யார் எச்சரிக்கைத் தாள் ஒட்ட வந்தாலும், “கண்ணால பாத்தீங்களா? சம்பந்தப்பட்டவங்களைக் கேட்டீங்களா?” என்பேன். இல்லையென்றால் ஒட்ட விடுவதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. சாமி பேர் போட்டிருந்தால் இன்னொரு தடவை கேட்பேன்.

அக்காவின் மாவில் முட்டை இல்லை. இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது ஒரு வார்த்தைகூடக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.