கார்ட்டுக்குப் பூக்கட்டிய வெள்ளிக்கிழமை

இதை எழுதலாமா விடலாமா என்று யோசித்தே பத்து வருடத்துக்கு மேல் போய்விட்டது. இரண்டு முறை கொப்பியில் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். ஒருமுறை பாதி எழுதியபோது கோயில் மணி கேட்டது. பயத்தில் கொப்பியை மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். சாதாரண தரம் வரைக்கும் படித்தவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. நெடுங்கேணியிலிருந்து உள்ளே போகும் கிரவல் றோட்டின் முடிவில், காட்டுக் கரையில் எங்கள் வீடு. யுத்தம் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கரண்ட் வந்த கையோடு அண்ணாவுக்கு ஒரு கொம்பியூட்டரும் வந்தது. வவுனியாவில் மூடப்போன ஒரு கொமினிகேசன் கடையில் மாமா வாங்கிக் கொடுத்த பழசு. அண்ணா என்னைவிட எட்டு வயது மூத்தவர். படிப்புக்கு என்று வந்த கொம்பியூட்டரில் அவர் என்ன படித்தார் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் பின்னேரங்களில் அதில் உதைபந்து விளையாடினோம்.

ஒரே கீபோர்ட். அம்புக்குறி போட்ட வலது பக்கம் அண்ணாவுக்கு, எழுத்துகள் உள்ள இடது பக்கம் எனக்கு. தோள் முட்டத்தான் இருக்க வேண்டும். "உன்ரை முழங்கை என்ரை நாட்டுக்குள்ளை வரப்படாது" என்பார். அவர் கோல் அடித்தால் நான் முழங்கையைத்தான் அனுப்புவேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கூட்டாளிகள் குறைவு. அந்தப் பாதிக் கீபோர்ட்தான் அந்த வயதில் எனக்கென்று இருந்த இடம்.

நாளாக நாளாகக் கொம்பியூட்டர் திணறத் தொடங்கியது. பந்து என் ஆளின் காலடியில் நிற்கும், படம் உறைந்துவிடும், மறுபடி அசையும்போது பந்து என் வலைக்குள் கிடக்கும். பெட்டி அடுப்புப்போலச் சுடும். பூனை அதன் மேல் படுத்துக் குளிர் காய்ந்தது. கிராபிக்ஸ் கார்ட் பழசாகிவிட்டது என்றார் அண்ணா. அந்தக் காலபோக அறுவடை முழுக்க அவர் நெல்லு வெட்டும் மெசினோடு மூட்டை பிடிக்கப் போனார். உமி ஒட்டிய முகத்தோடு வந்து, "இந்தமுறை கார்ட் மாத்துறன்" என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவரோடு ரியூசனில் படித்த இரண்டு வவுனியாப் பெடியளும் அவரும் ஒரு புதுச் சண்டை விளையாட்டை மூவருமாக விளையாடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். எங்கள் பழைய கார்ட்டில் அது ஓடாது. வவுனியா ரவுணில் ஒரு கடையில் யாரோ பாவித்து விற்ற கார்ட் ஒன்று வந்திருந்தது. சனிக்கிழமை வரைதான் வைத்திருப்பேன், வேறு ஆளும் கேட்கிறார் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை பின்னேரம் எல்லோரும் முற்றத்தில் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தோம். அண்ணா கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எதையெதையோ எழுதிக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தார்.

"உது என்ன செய்யுமடா?" என்றார் அப்பா.

"கொம்பியூட்டரிலை படம் காட்டுறதே உதுதான் அப்பா."

"இப்பவும் படம் தெரியுதுதானே?"

"தெரியுது. நொண்டி நொண்டித் தெரியுது."

"உன்ரை மாமனும் நொண்டித்தான் நடக்கிறான். ஆளை மாத்தினமோ?"

அம்மா கச்சான் கோதை எடுத்து அப்பாவுக்கு எறிந்தா. மாமா அவவின் தம்பி.

அண்ணா விடவில்லை. கார்ட் மட்டும் என்றால் கையில் இருக்கும் காசு சரி. ஆனால் புதுக் கார்ட் கரண்ட் கூட இழுக்கும், பழைய பவர் சப்ளை தாங்குமோ தெரியாது, அதையும் மாற்றுவதென்றால் காசு காணாது என்று விளக்கினார். அப்பாவுக்கு அது உடனே பிடிபட்டது.

"சின்ன உழவு மெசினுக்குப் பெரிய எஞ்சினைத் தூக்கி வைச்ச மாதிரி. எஞ்சின் போகும், பெட்டி நிக்கும்."

"அப்ப வேண்டாமெண்டுறியளோ அப்பா?"

"நான் ஏன் வேண்டாமெண்டு சொல்லுறன்? வெய்யிலுக்கை நிண்டு நீ உழைச்ச காசு. உன்ரை விருப்பம்."

அண்ணா அம்மா பக்கம் திரும்பினார். "நீங்கள் என்னம்மா சொல்லுறியள்?"

"எனக்கு என்ன தெரியும் தம்பி? உனக்குச் சந்தோசமெண்டால் எனக்கும் சந்தோசந்தான்."

பிறகு, இதுவரை எதற்கும் என்னைக் கேட்காத அண்ணா, "நீ என்னடி சொல்லுறாய்?" என்று என்னையும் கேட்டார்.

அந்தப் புது விளையாட்டை ஒரு கீபோர்ட்டில் ஒருவர்தான் விளையாடலாம் என்று எனக்குத் தெரியும். அவர் காதில் மாட்டிக்கொண்டு வவுனியாப் பெடியளோடு கதைத்தபடி விளையாடுவார். எனக்குப் பூனையோடு இருக்க வேண்டியதுதான். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் எல்லோரும் நல்லபிள்ளையாகப் பதில் சொல்லும்போது நான் மட்டும் எப்படி? "வாங்குங்கோ அண்ணா" என்றேன்.

அவர் கலண்டர் தாளை மடித்தார், விரித்தார், பிறகும் மடித்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா சொன்னா: "உனக்கு மனம் ரெண்டாக் கிடக்குது. வெள்ளிக்கிழமை அம்மாளாச்சியிட்டைக் கேப்பம்."

எங்கள் வீட்டில் அப்படித்தான். மாடு வாங்கவும் கிணறு வெட்டவும் கலியாணமாகிப் போய்விட்ட அக்காவுக்குச் சம்பந்தம் பேசவும் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துத்தான் முடிவு. சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனியே இலையில் சுற்றி அம்மன் காலடியில் வைப்பார்கள். கேட்க வந்தவர் கும்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எந்தப் பூ வருகிறதோ அதுதான் பதில். மற்றதைப் பிரித்துப் பார்ப்பதில்லை; வேப்பமரத்தடியில் போட்டுவிட வேண்டும். கொம்பியூட்டர்ச் சாமானுக்குப் பூக்கட்டுவதா என்று அண்ணா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் உடனே, "ஓம் அம்மா, கேப்பம்" என்றார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பூசாரியாருக்குத்தான் விளங்கவில்லை. "மாட்டுக்குக் கேட்டிருக்கினம், காணிக்குக் கேட்டிருக்கினம். இதென்ன சாமான் தம்பி?"

"கொம்பியூட்டருக்குள்ளை பூட்டுறது ஐயா."

"சரி. சிவப்பு வந்தால் வாங்கு, வெள்ளை வந்தால் விடு. எனக்குக் கையெல்லாம் சந்தனம். பிள்ளையைக் கட்டச் சொல்லுங்கோ. அறியாத பிள்ளையின்ரை கை நல்லது."

அறியாத பிள்ளை கோயிலுக்குப் பின்னால் போனது. சிவப்பு அலரியும் வெள்ளை அலரியும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முதலில் ஒழுங்காகத்தான் செய்தேன், சத்தியமாக. சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று ஆய்ந்து பூவரசம் இலையில் சுற்றி வாழைநாரால் கட்டினேன். கட்டி முடித்து நிமிர்ந்தபோது என் கை தானாக வெள்ளை அலரிக்குப் போனது. சிவப்பிருந்த பொட்டலத்தை அவிழ்த்தேன். சிவப்பு என் சட்டைப் பைக்குள் போனது. இரண்டாவது வெள்ளை அதன் இடத்தில் இருந்தது. இவ்வளவுக்கும் நான் 'அம்மாளாச்சி, மன்னிச்சுக்கொள்' என்று சொல்லிக்கொண்டேதான் கட்டினேன். மன்னிப்பை முதலே கேட்டுவிட்டால் குற்றம் குறையும் என்று எண்ணிய வயது.

பூசாரியார் இரண்டையும் வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். அண்ணா கண்ணை மூடி வெகுநேரம் கும்பிட்டார். பள்ளிக்கூடச் சோதனைக்குப் போகும்போதுகூட அவர் அவ்வளவு நேரம் கும்பிட்டு நான் காணவில்லை. குனிந்து இடப்பக்கப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். வெள்ளை.

தட்டில் மிஞ்சியிருந்த பொட்டலத்தில் நார் நெகிழ்ந்து இலை மெல்ல விரியத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் விரிந்தால் உள்ளே இருக்கும் வெள்ளை தெரிந்துவிடும். பூசாரியார் அதைப் பார்க்காமலே எடுத்து என்னிடம் நீட்டினார்: "கொண்டுபோய் மரத்தடியிலை போடு பிள்ளை." ஓடினேன்.

திரும்பி வரும் வழியில் அண்ணா தேத்தண்ணிக் கடையில் சைக்கிளை நிறுத்தினார். எனக்கும் அம்மாவுக்கும் வடை வாங்கித் தந்து, தான் நாலு வடை தின்றார். அங்கேயே நின்று கடைக்காரருக்குப் போன் எடுத்து, "அண்ணை, மற்றாளுக்கே குடுங்கோ" என்றார். பிறகு கூட்டாளிக்கு எடுத்தார். "நானென்ன செய்யடா, அம்மாள் வேண்டாமெண்டுட்டா. வீட்டிலை விடாயினம்." சைக்கிளில் வரும்போது பாட்டுக்கூடப் படித்தார். அம்மா கவலைப்படக்கூடாது என்று நடிக்கிறார், பாவம் என்று நினைத்தேன். பின்னால் இருந்து அவர் முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்கு வடை இறங்கவில்லை.

மறுநாள் அவர் பெட்டியைக் கழற்றினார். பழைய கார்ட்டின் காற்றாடியில் கிரவல் றோட்டின் சிவப்புத் தூசி களிமண்போல இறுகிக் கிடந்தது. ஒரு மூலையில் எறும்பு குடியிருந்தது. சைக்கிள் பம்பால் ஊதினார். பழைய பல்விளக்கும் பிரசால் தட்டினார். பூட்டிப் போட்டால் பந்து நிற்காமல் ஓடியது. பூனைக்குத்தான் நட்டம். கார்ட்டுக்கு வைத்திருந்த காசில் பெரும் பங்கை அப்பாவின் தண்ணி மோட்டருக்குக் கொடுத்தார். மீதியில் கையில் பிடித்து விளையாடும் இரண்டு ஜொய்ஸ்ரிக் வாங்கி வந்தார். "இனி உன்ரை முழங்கைத் தொல்லை இல்லை" என்று ஒன்றை என் மடியில் போட்டார். நான் அழுதேன். சந்தோசத்தில் அழுகிறாள் என்று அம்மா சொன்னா.

கதை அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கடையில் இருந்த அந்தக் கார்ட்டை மல்லாவிப் பக்கம் ஒரு பெடியன் வாங்கினான். இரண்டு கிழமையில் அது கருகிப் போய்விட்டது. செய்தி வந்ததும் அம்மா கற்பூரம் கொளுத்தினா. ஊரெல்லாம் கதை பரவியது: கொம்பியூட்டருக்குள் இருக்கும் பழுதைக்கூட எங்கள் அம்மாள் கண்டு சொல்லிவிட்டா. போன் வாங்க, மோட்டச்சைக்கிள் வாங்க என்று அக்கம் பக்கத்து ஊர்களிலிருந்தும் பூக்கட்ட ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நானோ வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில் முற்றம் கூட்டினேன். பிள்ளைக்கு என்ன பக்தி என்று எல்லோரும் சொன்னார்கள். அது பயம். பயத்தில் கூட்டக் கூட்ட எப்போதோ பக்தியும் வந்துவிட்டது. எந்த வெள்ளிக்கிழமை என்று எனக்கே தெரியாது.

போன மாதம் நெளுக்குளத்தில் நான் இப்போது இருக்கும் வீட்டில் என் மகளுக்கு முதல் சோறு தீத்தினோம். அண்ணாவும் கிளிநொச்சியிலிருந்து வந்திருந்தார். வந்தவர்களுக்கு அம்மா அந்தக் கார்ட் கதையைச் சொல்லத் தொடங்க, எனக்கு இருக்க முடியவில்லை. அண்ணாவைக் குசினிக்குள் கூப்பிட்டேன்.

"அண்ணா, அண்டைக்கு ரெண்டிலையும் வெள்ளைதான் வைச்சனான்."

அவர் என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று நின்றேன். அவர் சிரிக்கத் தொடங்கி, கண்ணைத் துடைத்து, பாயாசச் சட்டிக்குப் பக்கத்தில் அப்படியே இருந்துவிட்டார்.

"எடியே, வெள்ளை வரவேணுமெண்டுதான் நானும் கும்பிட்டனான்."

பிறகுதான் சொன்னார். பூக்கட்டுவதற்கு முந்தின கிழமை கூட்டாளி வீட்டில் அந்த விளையாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதில் செல் குண்டு கூவிக்கொண்டு வரும் சத்தம் அச்சொட்டாக இருந்ததாம். "என்னாலை இருக்கேலாமல் போச்சுது. வெளியிலை போய்க் கிணத்தடியிலை சத்தி எடுத்தனான். சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை எண்டு சொன்னனான். அவங்கள் ரவுண் பெடியள், அவங்களுக்கு அது விளையாட்டு. பயந்தவனெண்டு சொல்லுவாங்கள். அம்மாவுக்குச் சொன்னால் அவா பழசெல்லாம் நினைச்சு அழுவா. ஊர் முழுக்க வேறை கார்ட் வாங்கப்போறனெண்டு சொல்லிப்போட்டன். என்ன செய்ய?"

யுத்தத்தின் கடைசி நாட்களில் எனக்கு ஐந்து வயது. துண்டு துண்டாகத்தான் ஞாபகம். அண்ணாவுக்குப் பதின்மூன்று. அவருக்கு எல்லாம் ஞாபகம்.

முற்றத்தில் அன்று அவர் ஒவ்வொருவராகக் கேட்டது காசுக் கணக்கை அல்ல. யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லமாட்டீர்களா என்று கேட்டிருக்கிறார். அப்பாவும் அம்மாவும் அன்பினால் அதைச் சொல்லாமல் விட்டார்கள். நான் நல்லபிள்ளை என்று பெயரெடுப்பதற்காகச் சொல்லாமல் விட்டேன். ஒரு மனிதர் சாமியிடம் கேட்கப் போவது கிடைக்க வேண்டும் என்பதற்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். விட்டுவிடு என்ற சொல்லுக்காகவும் போவார்கள் என்பது பதினொரு வயதில் எனக்கு விளங்கவில்லை.

அன்றைக்கு அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். அவ, "அம்மாள் உன்ரை கையாலை செய்விச்சிருக்கிறா" என்றா. அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. என் களவுக்கு அம்மாளைக் கூட்டுச் சேர்த்ததாகிவிடும். ஆனாலும் பிறகு ஊர்க் கோயிலுக்குப் போனபோது, இத்தனை வருடத்துக்குப் பிறகு, அவவின் முகத்தை நேரே பார்த்தேன்.

இதை வாசிப்பவர்கள் யாருக்காவது சொல்வதானால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கருகப்போகும் கார்ட்டை அம்மாள் முன்கூட்டியே கண்டா என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையை வைத்தது ஒரு சின்னப் பெட்டை என்றும், அண்ணாவின் மனதுக்குள் இருந்தது அவளுக்குத் தெரியாது என்றும் சொல்லுங்கள்.